ஆயாக்கொட்டாயில் ஸ்பானிஷ் வகுப்பு

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால், கேட்பவர்கள் முதலில் "எதுக்கு?" என்பார்கள். அப்புறம் "புத்தகத்துக்கு எங்கே போவீங்க?" என்பார்கள். முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்தான். 20 நாடுகளில் அது ஆட்சிமொழி. மலாயாப் பல்கலைக்கழகத்தில் நான் படித்தது அதைத்தான். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பியபோது பிள்ளைகளுக்குக் கொடுக்க என்னிடம் இருந்த படிப்பும் அது ஒன்றுதான். பந்து விளையாட்டில் உயிரையே வைத்திருக்கும் பையன்கள் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய தங்கச்சிகள் பின்னாலேயே வந்தார்கள்.

இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. நாலு வருஷத்தில் எதை வாங்கினேன், எதை ஓரமாக வைத்தேன், எது இன்றும் என் கூடையில் இருக்கிறது என்று சொல்கிறேன். வேறு எந்த அந்நிய மொழியைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவருக்கும் இதில் கொஞ்சம் காசாவது மிச்சமாகும்.

வகுப்பு நடப்பது தோட்டத்துப் பழைய ஆயாக்கொட்டாயில். தாய்மார்கள் விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம் அது. தொட்டில் கட்டிய கொக்கிகள் உத்தரத்தில் இன்னும் இருக்கின்றன. தோட்டம் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்டது. மேட்டுப் பக்கம் மட்டும் பால்மரம், அதாவது ரப்பர் மரம், நிற்கிறது. சனிக்கிழமை காலை 9 மணியிலிருந்து பத்தரை வரை வகுப்பு. 14 பிள்ளைகள், 6 வயது முதல் 9 வயது வரை.

முதல் வருஷம் 320 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்தேன். 200 பட அட்டைகள், நாலு சுவர்ப்படங்கள், ஒரு பயிற்சிப் புத்தகம், அதற்கான ஒலிப்பதிவு. தாள் நல்ல தடிப்பு, படங்கள் பளிச்சென்று இருந்தன. திறந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு குறையும் கண்ணில் படவில்லை. ஸ்பானிஷ் தெரிந்தவளாகத்தான் அதைப் பார்த்தேன், பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் 'எனக்குப் பிடிக்கும்' பாடம் வந்தது. ஸ்பானிஷில் 'மே கூஸ்தா எல் மாங்கோ'. ஆங்கிலம் பேசி வளரும் பிள்ளைக்கு இது தலைகீழான வாக்கியம். அவர்கள் மொழியில் 'நான்' முன்னால் நின்று மாம்பழத்தை விரும்ப வேண்டும். அதனால் அந்தப் புத்தகம் இரண்டு முழுப் பக்கம் ஒதுக்கி, அம்புக்குறி போட்டு, வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டியிருந்தது. நானும் அந்த அம்புகளையெல்லாம் பலகையில் வரைந்தேன். ஏழு வயதுப் பையன் ஒருவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "டீச்சர், மேன்னா எனக்கு, கூஸ்தான்னா பிடிக்கும். அவ்வளவுதானே? அம்பு எதுக்கு?" என்றான்.

அவன் சொன்னது முழுக்கச் சரி. 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்று பேசத் தொடங்கிய நாளிலிருந்து சொல்லிவரும் பிள்ளைக்கு அங்கே திருப்ப ஒன்றுமே இல்லை. 'எனக்குத் தலை வலிக்குது' என்பதும் அதே அச்சுதான்: 'மே துவேலே லா கபேசா'. மாம்பழம் பலவானால் 'கூஸ்தா' என்பது 'கூஸ்தான்' ஆகும், அது ஒன்றுதான் நமக்குப் புதுசு. அதைச் சொல்ல அந்தப் புத்தகம் அரை வரிதான் ஒதுக்கியிருந்தது.

அன்று ராத்திரி புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மரியாதைக்கு ஒரு சொல், நெருக்கத்துக்கு ஒரு சொல் என்று விளக்க ஒரு முழுப் பக்கச் சித்திரம். பாட்டியை 'நீ' என்று கூப்பிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாதா? 'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். வினைச்சொல்லின் வாலிலேயே ஆள் யாரென்று தெரியும் என்பதற்கு இன்னொரு பாடம். 'பேசுகிறேன்' என்றால் 'நான்' சொல்லத் தேவையில்லை. 'ஆப்லோ' என்றாலும் தேவையில்லை. ஆனால் அந்தப் புத்தகம் ஆங்கிலப் பிள்ளைகளுக்காக வாக்கியம் தவறாமல் 'நான், நான்' என்று போட்டிருந்தது. என் பிள்ளைகளும் அப்படியே படித்து, தமிழிலும் ஸ்பானிஷிலும் இல்லாத ஒரு பேச்சைப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

தமிழ் கைகொடுக்காத சில இடங்களில் மலாய் கைகொடுக்கிறது. 'ரூமா பெசார்', வீடு பெரிய. ஸ்பானிஷில் 'காசா கிராந்தே', அதே வரிசை. 'கூச்சிங் ஹித்தாம்' என்பது 'காத்தோ நேக்ரோ'. பெயருக்குப் பின்னால் நிறத்தை வைக்கிற பழக்கம் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது.

அப்படியானால் நம் பிள்ளைகள் எங்கே விழுகிறார்கள்? அந்தப் புத்தகம் கால் வைக்காத இடத்தில். 'இது மேசை' என்கிறோம். மலாயிலும் 'இனி மேஜா'. நடுவில் ஒன்றும் வேண்டாம். ஸ்பானிஷில் நடுவில் 'எஸ்' இல்லாமல் வாக்கியம் நிற்காது. ஆங்கிலத்திலும் அப்படி ஒரு சொல் இருப்பதால், புத்தகம் முதல் பக்கத்தில் அதை ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்விட்டது. என் பிள்ளைகள் ஒரு வருஷம் அதை விழுங்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பழைய கைலி ஒன்றைத் தைத்துப் பையாக்கினேன். உள்ளே ஒரு பொருள். கையை விட்டுத் தடவிப் பார்க்கணும். சுற்றி இருப்பவர்கள் "கே எஸ்?" என்று கத்துவார்கள். என்ன அது? கையை விட்டவர் "எஸ் உன் கோக்கோ", அது ஒரு தேங்காய், என்று சொன்னால்தான் பொருள் வெளியே வரும். 'எஸ்' சொல்லாவிட்டால் வராது. இரண்டே மாதத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பைக்கு ஆன செலவு நூல்தான்.

இன்னொரு குழி ஆண்பால் பெண்பால். 'லா மேசா' என்று அட்டையைக் காட்டி, 'லா' என்றால் பெண்பால் என்றதும் ஒரு சின்னப் பெண் எழுந்து என் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து, "மேசை பொம்பளையா, டீச்சர்?" என்றாள். மற்றப் பிள்ளைகளும் அதே முகத்தோடு என்னைப் பார்த்தார்கள். தமிழில் மேசை அஃறிணை. மலாயில் அந்தப் பேச்சே இல்லை. நான் சொன்னேன்: "மேசை பொம்பளை இல்லே. அந்த மொழியிலே பெயர்ச்சொல்லுக்கு ரெண்டே டின்தான். எல்லாப் பேரும் ஏதாவது ஒரு டின்னுக்குள்ளே போயாகணும்." அடுத்த வாரம் நிஜமாகவே இரண்டு பிஸ்கட் டின் கொண்டுவந்தேன். சிவப்பு டின் 'லா', நீல டின் 'எல்'. விளையாடி முடிந்ததும் ஒவ்வொரு அட்டையையும் அதனதன் டின்னில் போடணும். எந்தச் சொல் எந்த டின் என்பதைக் கையே ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

இதனால் எனக்குப் பிறந்த கண்டிப்பு ஒன்று உண்டு. வெறும் 'மேசா' என்று போட்டிருக்கும் அட்டையை வாங்கவே மாட்டேன். 'லா மேசா' என்று இருக்க வேண்டும். 'ஓ'-வில் முடிந்தால் ஆண், 'ஆ'-வில் முடிந்தால் பெண் என்று முதல் நாளே விதி சொல்லும் புத்தகத்தையும் ஒதுக்கிவிடுவேன். உடல் உறுப்பு பாடத்தில் முதலில் வருவது கை. அது 'லா மானோ'. ஓ-வில் முடியும் பெண்பால். விதி முதல் வாரமே உடைந்தால் சின்னப் பிள்ளை விதியை மட்டுமல்ல, டீச்சரையும் நம்பாது.

ஆகவே இப்போது எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் நான் பார்ப்பது, இதைச் செய்தவர் எந்த மொழி பேசும் பிள்ளையை மனசில் வைத்துச் செய்தார் என்பதைத்தான். படம் அழகா, தாள் தடிப்பா என்பதெல்லாம் அப்புறம்.

நம் பிள்ளைகளின் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொற்களை எந்தப் பெட்டியும் விற்பதில்லை. போர்த்துகீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்தார்கள். தமிழகக் கரையிலும் அவர்கள் இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன சொற்கள் மலாயிலும் தமிழிலும் தங்கிவிட்டன. போர்த்துகீசியமும் ஸ்பானிஷும் அக்கா தங்கை மாதிரி. மேசைக்கு 'மேசா', சப்பாத்துக்கு 'சபாத்தோ', துவாலைக்கு 'தோஆயா', அலமாரிக்கு 'அர்மாரியோ'. மலாய்க் கொடி 'பெண்டேரா', ஸ்பானிஷ் கொடி 'பந்தேரா'. 'கெமேஜா' அங்கே 'கமீசா', 'கேஜு' அங்கே 'கேசோ'. இதற்கென்று 20 அட்டை நானே செய்து 'சொந்தக்கார அட்டை' என்று பேர் வைத்தேன். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் நாள் இதுதான். ஒரு மணி நேரத்தில் பத்துச் சொல் தெரிந்துகொண்டு, தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகும். எல்லாமே இப்படி அமையாது என்பதையும் சொல்ல வேண்டும். ஜன்னல் போர்த்துகீசியம்தான், ஆனால் ஸ்பானிஷில் அது 'வென்தானா'. அட்டை செய்யும் முன் ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்த்துவிடுவது நல்லது. ஸ்பானிஷ் மொழிக்கான அரச கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசம்.

ஒலி விஷயத்திலும் நமக்கு வசதிகள் உண்டு. 'நாதா' என்றால் ஒன்றுமில்லை. அதில் நடுவில் வரும் 'த', நாம் 'காது' என்னும்போது வருகிற அதே மெத்தென்ற ஒலி. 'தொமாத்தே'-யில் நாக்கு பல்லைத் தொடணும், நம் 'த்த' மாதிரியே. 'அராஞா', சிலந்தி, அதில் வருவது நம் ஞ. ஆனால் ஆங்கில எழுத்தில் அந்தச் சொற்களைப் பார்த்துவிட்டால் போச்சு. 'டொமாட்டே' என்று நாக்கு மேலே ஏறிவிடும். மலாய் படிக்கிற பழக்கமும் அங்கே இடறிவிடும். மலாயில் 'ச' என்று படிக்கிற எழுத்து ஸ்பானிஷில் ஓரிடத்தில் 'க', ஓரிடத்தில் 'ஸ'. மலாயில் 'ஜ' என்று படிப்பது அங்கே 'ஹ'. எனவே முதல் ஆறு மாதம் எழுத்தே காட்டுவதில்லை. வாங்கிய அட்டைகளில் சொல் இருந்த இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டினேன். சொல்லை முன்பக்கம் பெரிதாகப் போடாமல் பின்பக்கம் போட்டிருக்கும் அட்டை கிடைத்தால் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பேன்.

தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் என்ன என்று சில பெற்றோர் கேட்டார்கள். முயன்றும் பார்த்தேன். 'பேசோ' என்று எழுதினால் அது எடையா முத்தமா என்று தெரியாது. சொல்லின் தொடக்கத்தில் வல்லொலி மெல்லொலி இரண்டுக்கும் நமக்கு ஒரே எழுத்துத்தானே. பெரியவர்கள் நினைவுக்கு எழுதிக்கொள்ளலாம், பிள்ளைக்குக் கொடுக்கும் தாளில் வேண்டாம்.

ஒலிப்பதிவை வாங்குமுன் ஒரே ஒரு சோதனை போதும். 'பெரோ' என்றால் ஆனால். 'பெர்ரோ' என்றால் நாய். இரண்டையும் கைப்பேசியில் போட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். நாக்கு உருள்கிற வித்தியாசம் தெளிவாகக் கேட்கவில்லை என்றால் அந்தப் பதிவு பிள்ளைகளுக்கு ஆகாது. எங்கள் கொட்டாய்க்குத் தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் எந்தப் பதிவும் கேட்காது. அதனால் ஒலிப்பதிவை மட்டும் நம்பிய பாடம் எங்களுக்குச் சரிப்படாது என்று முதல் மழையிலேயே தெரிந்தது. அப்போதுதான் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்கர் 1960-களில் உருவாக்கிய முறைக்கு வந்தேன். டீச்சர் கட்டளை சொல்வார், பிள்ளை உடம்பால் செய்யும், பேசச் சொல்லி வற்புறுத்துவதில்லை. 'சால்தா', குதி. 'சியேந்தாத்தே', உட்கார். மழைச் சத்தத்தில் என் வாயைப் பார்த்தே குதிப்பார்கள். இதற்கு எந்தப் பொருளும் வேண்டாம், தரை மட்டும் வழுக்காமல் இருக்கணும்.

அடுத்தது சொல்லக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

மெக்சிகோவில் 'லொத்தெரியா' என்று ஒரு மரபான விளையாட்டு உண்டு. 54 பட அட்டைகள். ஆளுக்கு ஒரு பலகை, அதில் நாலுக்கு நாலாக 16 படம். ஒருவர் அட்டையை எடுத்துச் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் தங்கள் பலகையில் அந்தப் படத்தின் மேல் ஒரு பயறு வைப்பார்கள். மெக்சிகோ போய்வந்த தோழி ஒருத்தி ஒரு கட்டு கொண்டுவந்து தந்தாள். சேவல், நிலா, குடை, சிலந்தி, ஏணி. எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருள். இதைவிட நல்ல சாதனம் கிடைக்காது என்று அடுத்த சனிக்கிழமையே விரித்துவிட்டேன். மொச்சைக் கொட்டை வைத்து ஒரே சத்தமாக விளையாடிக்கொண்டிருந்தோம். 25-ஆம் எண் அட்டை வந்தது. 'எல் பொர்ராச்சோ', குடிகாரன். கையில் போத்தலோடு ஒரு ஆள் தள்ளாடுகிற படம். பெரிய பையன்கள் சிரித்தார்கள். அந்தப் படம் தன் பலகையில் இருந்த சிறுமி மொச்சையை வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள். நான் குனிந்து பார்த்தேன். "எங்கப்பா மாதிரி" என்று எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். சம்சுச் சாராயம் என்ன செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்திருந்தும் அந்தக் கட்டை முழுக்கப் பார்க்காமல் பிள்ளைகள் முன்னால் போட்டது என் தவறு. வகுப்பை அதோடு நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அவளோடு வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போய் 54-ஐயும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குடிகாரன், சாவு, மண்டை ஓடு, சின்னப் பிசாசு, அப்புறம் மனிதர்களை அவர்கள் இனத்தை வைத்தே படமாக்கிய இரண்டு அட்டைகள். ஆறையும் எடுத்தேன். 48 மிஞ்சியது. அந்த 48-ஐ வைத்துப் புதுப் பலகைகள் ஒட்டினேன். இப்போதும் அதுதான் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த விளையாட்டு. வேறு ஊர்ப் பொருள் எதுவானாலும் கடைசி அட்டை வரை, கடைசிப் பக்கம் வரை தனியாக உட்கார்ந்து பார்த்த பிறகுதான் இப்போது கொட்டாய்க்குள் வருகிறது. 'பிள்ளைகளுக்கானது' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தாலும் அப்படித்தான்.

பழைய பெட்டியில் வந்த சுவர்ப்படங்களில் ஒன்று நாலு பருவம். பனிமனிதன், பூ, கடற்கரை, உதிரும் இலை. டிசம்பருக்கு நேராகப் பனி. "பனி எப்ப டீச்சர் வரும்?" என்று கேட்டார்கள். நமக்கு வராது, சரி. ஆனால் ஸ்பானிஷ் பேசும் ஊருக்கெல்லாமாவது வருமா? அர்ஜென்டினாவிலும் சிலியிலும் டிசம்பர் கோடைக்காலம். ஈக்வடோர் பூமத்திய ரேகையிலேயே இருக்கிறது, கொலம்பியாவும் அதை ஒட்டித்தான். கடலோரத் தாழ்நிலத்தில் வெயிலும் மழையும்தான், நம் ஊர் மாதிரி. அந்தப் படம் நம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அந்த மொழிக்கே பொருந்தவில்லை. பழ அட்டைகளும் அப்படியே. ஸ்ட்ராபெரி, செர்ரி, பேரிக்காய். பப்பாளியும் கொய்யாவும் அன்னாசியும் அந்த நாடுகளிலிருந்துதான் நமக்கு வந்தன: 'பப்பாயா', 'குவாயாபா', 'பீஞா'. இரவுச் சந்தையில் ஐந்தாறு வெள்ளிக்கு வாங்கிக் கூடையில் வைத்தேன். முகர்ந்து, தொட்டு, பேர் சொல்லி, கடைசியில் வெட்டிச் சாப்பிட்டார்கள். 'மே கூஸ்தா' சொல்ல அதைவிட நல்ல நேரம் ஏது?

இலையுதிர் காலத்தை மட்டும் நான் விடவில்லை. பிப்ரவரி, மார்ச் வாக்கில் மேட்டுப் பால்மரங்கள் சிவந்து இலை உதிர்க்கும். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்ச் சருகில் நிற்க வைத்து 'லா ஓஹா', இலை, 'ரோஹா', சிவப்பு, என்று சொல்லச் சொன்னேன். அங்கேயே இன்னொன்றும் சொன்னேன். இந்த மரமே தென்னமெரிக்க மரம். 1876-இல் பிரேசிலிலிருந்து விதை லண்டன் போனது, அடுத்த வருஷம் 22 கன்று சிங்கப்பூர் வந்தது. அதில் சிலவற்றைப் பக்கத்துக் கோலகங்சாரில் நட்டார்கள். அந்தத் தொடக்க கால மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. ரப்பருக்கு ஸ்பானிஷ் பேர் 'கௌச்சோ', அமேசான் காட்டு மக்கள் மொழியிலிருந்து வந்த சொல். தாத்தா பாட்டி ஆயுசெல்லாம் தொட்ட மரத்துக்கு அந்த ஊர்ப் பேர் கிடைத்ததும் பிள்ளைகள் மரத்தைத் தடவிக்கொண்டே 'கௌச்சோ, கௌச்சோ' என்று சொன்னது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

எண்ணிக்கைக்கும் பால்மரக் கொட்டைதான். பால் பிடிக்கும் மங்கில் போட்டால் டக் டக் என்று கேட்கும். 'ஊனோ, தோஸ், த்ரேஸ்'. ஒரு எச்சரிக்கை: அந்தக் கொட்டையைப் பச்சையாகத் தின்றால் நஞ்சு. எத்தனை கொடுத்தோமோ அத்தனையையும் எண்ணித் திரும்ப வாங்கிப் பூட்டிவிடணும். வகுப்புக்குப் பின்னாலேயே வரும் மூன்று வயசுத் தம்பி தங்கைகள் இருந்தால் அன்றைக்கு அதை எடுக்கவே கூடாது.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தாள்களைப் பற்றி. நிறைய இருக்கிறது, நானும் எடுக்கிறேன். ஆனால் அச்செடுக்கும் முன் எழுத்துக்கு மேல் இருக்கும் குறிகளைப் பாருங்கள். 'எனக்கு ஏழு வயது' என்பதற்கு 'தெங்கோ சியேத்தே ஆஞோஸ்' என்று எழுத வேண்டும். அந்த ஞ-வுக்கு எழுத்தின் தலையில் ஒரு அலை வேண்டும். அலை விட்டுப்போனால் 'வயது' என்ற சொல் 'ஆசனவாய்' ஆகிவிடும். பிறந்தநாள் தாள் ஒன்றில் அப்படியே வந்திருந்தது. கவனிக்காமல் கொடுத்திருந்தால் 14 பிள்ளைகளும் அதைப் பார்த்து எழுதிப் பழகியிருப்பார்கள். 'பாப்பா' என்றால் உருளைக்கிழங்கு, கடைசி எழுத்தில் கோடு போட்டு அழுத்திச் சொன்னால் அப்பா. நம்மிடம் பாப்பா என்றால் குழந்தை என்பதால் இந்தச் சொல்லை எங்கள் பிள்ளைகள் மறப்பதே இல்லை. கோடில்லாத தாள் வந்தால் அவர்களே கண்டுபிடிக்கிறார்கள்.

அகரவரிசைப் படத்தில் 27 எழுத்து இருக்கிறதா என்று எண்ணுங்கள். 2010 முதல் அதுதான் கணக்கு. இரட்டை எழுத்துகள் இரண்டையும் தனி எழுத்தாகப் போட்டு 29 என்றிருந்தால் பழைய படம். ஸ்பெயினிலிருந்து வரும் வாசிப்புப் புத்தகங்கள் பலவற்றில் எழுத்துகள் கோத்து எழுதியிருக்கும். நம் பள்ளிப் பிள்ளைகள் தனித்தனி எழுத்தாகத்தான் படிக்கிறார்கள், அவர்களால் அதை எழுத்துக்கூட்டவே முடியாது. வாங்கும் முன் உள்பக்கம் ஒன்றைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஸ்பெயின் ஸ்பானிஷா, லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடணும். பழச்சாறு ஸ்பெயினில் 'சூமோ', லத்தீன் அமெரிக்காவில் 'ஹூகோ'. கார் ஸ்பெயினில் 'கோச்சே', லத்தீன் அமெரிக்காவில் பல நாடுகளில் 'கார்ரோ'. நான் அமெரிக்கப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். நன்றிக்கு 'க்ராசியாஸ்' என்று நம் வாய்க்கு வரும் 'ஸ' போதும். ஸ்பெயினில் பெரும்பாலான இடங்களில் அங்கே நாக்கைப் பல்லுக்கிடையில் வைக்கணும். எது வேண்டுமானாலும் சரி, ஆனால் ஆறு வயசுப் பிள்ளைக்கு இரண்டையும் கலந்து கொடுக்கக் கூடாது.

அட்டை செய்வது பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரத்தில் வெறும் அட்டை மூன்று மாதத்தில் சுருண்டுவிடும். முதலில் தாளை அளவாக வெட்டிக்கொண்டு, பிறகு பட்டணத்துக் கடையில் பிளாஸ்டிக் ஒட்டவைத்து, சுற்றி அரை சென்டிமீட்டர் விளிம்பு விட்டு வெட்டுங்கள். ஒட்டிய பிறகு தாளோடு சேர்த்து வெட்டினால் ஓரத்தில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். மூலைகளை வட்டமாக நறுக்குங்கள், கூர்மூலை கண்ணில் படும். 200 அட்டையும் வேண்டாம். வாரத்துக்கு ஆறு புதுச் சொல், அதற்கு மேல் எங்கள் பிள்ளைகளுக்குத் தங்கவில்லை.

பெற்றோர் சிலர் சான்றிதழுக்குப் புத்தகம் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான அதிகாரபூர்வமான ஸ்பானிஷ் தேர்வு 11 முதல் 17 வயதினருக்குத்தான். ஏழு வயசுப் பிள்ளைக்குத் தேர்வுப் புத்தகம் வாங்கும் காசில் பழம் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

இந்தக் கொட்டாயில் முன்பு ஆயாவாக இருந்த அம்மா, வயது 78, இப்போதும் சனிக்கிழமை வந்து வாசல் பக்கம் உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகளுக்கும் அவர் ஆயாதான். குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு ஸ்பானிஷிலும் 'ஆயா' என்றே பேர் என்று சொன்னபோது, பிள்ளைகள் நம்பவில்லை, அகராதியைக் காட்டச் சொன்னார்கள். போன வாரம் அவர் தன் வீட்டு அடுப்படியிலிருந்து நாலு பழைய பீங்கான் மங்கு கொண்டுவந்து கூடையில் வைத்தார். இதுக்கு உங்க பாஷையிலே என்ன பேர் என்று கேட்டார். பால் பிடிக்கும் மங்குக்கென்று தனிச்சொல் எனக்குத் தெரியவில்லை. கிண்ணம் மாதிரி இருப்பதால் 'லா தாசா' என்றேன், கோப்பை. அவர் தலையை ஆட்டிவிட்டு, "நீ தாசான்னே சொல்லிக்கொடு. நான் மங்குன்னு சொல்லிக்கொடுக்கிறேன்" என்றார். நாலு மங்கும் இப்போது சிவப்பு டின்னுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் எடுக்கும்போது இரண்டு பேரையும் சொல்லித்தான் எடுக்கிறார்கள்.